பஸ் நிறுத்தத்துக்கு எதிர்ச் சுவர்

அக்கா இறந்து சில வாரங்கள் கழித்து அந்த வேலை வந்தது. திருவனந்தபுரத்தில் பொதுச் சுவர்களில் வரையப்பட்டிருக்கும் ஓவியங்களைப் படம் எடுக்க வேண்டும். யார் வரைந்தது, எந்த நிலையில் இருக்கிறது என்று குறித்து ஓர் ஆவணக் காப்பகத்துக்குத் தர வேண்டும். இதே வேலையை வளைகுடாவில் ஒரு பாலைவன நகரத்தில் நான் பல வருடம் செய்திருந்தேன். அக்காவுக்கு நோய் முற்றிவிட்டது என்று தெரிந்ததும் அங்கிருந்து விடுப்பு எடுத்து வந்தவள், அவள் போன பிறகு திரும்பிப் போகவில்லை. போகக் கூடாது என்று முடிவெடுத்ததாக நினைவில்லை. டிக்கெட்டில் போட்டிருந்த தேதி வந்தது, நான் பெட்டி கட்டவில்லை. அவ்வளவுதான்.

எங்கள் குடும்பம் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்தது. அப்பா சாலைக் கடைத்தெருவில் கணக்கெழுத வந்து, மணக்காட்டில் ஒரு சிறிய வீட்டை வாங்கி, இங்கேயே இருந்துவிட்டார். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் செய்துகொண்டு, சில வருடத்தில் முறித்துக்கொண்டேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அக்கா பள்ளிக்கூடத்தில் மலையாளத்தில் பாடம் நடத்திவிட்டு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தமிழுக்கு மாறிவிடுவாள். "ஏட்டி, சோறு வச்சியா?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருவாள்.

அவள் போன பிறகு நான் அழவில்லை. அழாதது பற்றிப் பக்கத்து வீட்டுப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். எனக்கும் அது விசித்திரமாகத்தான் இருந்தது. பல்வலிக்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்பதுபோல் அவ்வப்போது அவளை நினைத்துப் பார்ப்பேன். ஒன்றும் தெரியாது. வீட்டு வேலைகள் நடந்துகொண்டிருந்தன. கேஸ் கொண்டு வருகிறவரிடம் சொல்ல வேண்டிய எண் அக்காவின் போனுக்குத்தான் வரும் என்பதால் அந்தப் போனையும் சார்ஜில் போட்டு வைத்திருந்தேன். அவர் கேட்டதும் அதை எடுத்து எண்ணை வாசிப்பேன். சிலிண்டரை உருட்டி வைத்துவிட்டுப் போவார்.

வேலையை ஒருங்கிணைத்தவள் என்னைவிட வயதில் மிகவும் இளையவள். போனில்தான் பேசுவாள். "சேச்சிக்கு இப்ப ஃபீல்டுக்குப் போக முடியுமா? தயாராகலேன்னா வெயிட் பண்ணலாம், கேட்டோ" என்றாள். எதற்குத் தயாராக வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. போகிறேன் என்றேன்.

பாலைவன நகரத்தில் சுவர்களுக்கு எதிரி வெயில். சிவப்புதான் முதலில் போகும். பிறகு மஞ்சள். நீலம் மட்டும் பல வருடம் நிற்கும். ஆகவே அங்கே பழைய ஓவியங்களில் எல்லா மனிதர்களும் நீரில் மூழ்கியவர்கள்போல் நீலமாக இருப்பார்கள். தூசியைத் துடைத்துவிட்டுப் படம் எடுப்போம். இங்கே ஈரம். சுவரின் அடியிலிருந்து பச்சைப் பாசி ஏறிவரும். பாளையம் சுரங்கப்பாதையிலும் மியூசியத்தை ஒட்டிய சாலைகளிலும் கதகளி முகங்களின் தாடை வரைக்கும் பாசி ஏறியிருந்ததைப் பார்த்தேன். கடற்கரைப் பக்கம் போனால் உலகக் கோப்பைக் காலத்தில் வரைந்த கால்பந்தாட்டக்காரர்கள் உப்புக்காற்றில் பொரிந்து கிடந்தார்கள். கட்சிக்காரர்கள் சுவருக்கு வெள்ளையடித்து, அடுத்த தேர்தலுக்காக 'புக்டு' என்று எழுதி வைத்திருப்பார்கள். அதையும் எடுக்க வேண்டுமா என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டேன். "சுவத்துல மனுஷன் கையால வரஞ்சது எல்லாம் எடுங்க" என்றாள்.

வேலை கடினமில்லை. சுவருக்கு நேராக நிற்க வேண்டும். நிழல் விழாத வெளிச்சம் வேண்டும். ஓரத்தில் ஓர் அளவுகோலையும் நிற அட்டையையும் வைத்து ஒரு படம், அவை இல்லாமல் ஒரு படம். அளவுகோலைக் கையில் பார்த்ததும் யாராவது வந்து கேட்பார்கள்: "கார்ப்பரேஷனா? ரோடு வைடனிங்கா?" இல்லை என்றால் நிம்மதியாகப் போவார்கள். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதில் நான் எதையும் உணர வேண்டிய தேவை இல்லாமல் இருந்தது. விரிசல் இருந்தால் விரிசல் என்று குறிக்க வேண்டும். அவ்வளவு போதும்.

அந்த ஆட்டோ ஸ்டாண்ட் கரமனை ஆற்றுப் பக்கம் இறங்கும் ஒரு சாலையில் இருந்தது. நான் வேறொரு சுவரைத் தேடிக்கொண்டு போனபோது, ஸ்டாண்டில் இருந்தவர்களில் மூத்தவர், நரைத்த மீசைக்காரர், கேமராவைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"சேச்சி, படம் எடுக்கணும்னா எங்க மதிலு இருக்கு. வந்து பாருங்க."

பூட்டிக் கிடக்கும் ஒரு கிடங்கின் சுற்றுச்சுவர் அது. அதில் காக்கிச் சட்டை போட்ட ஒரு மனிதர் மார்பளவுக்கு வரையப்பட்டிருந்தார். முகம் மட்டுமே என் கை விரிப்புக்கு இருந்தது. பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு காது மற்றதைவிடச் சற்றுத் தள்ளி நின்றது. கீழே மலையாளத்தில், அஞ்சலி என்ற பொருளில், 'ஆதராஞ்சலிகள்' என்று மட்டும் எழுதியிருந்தது. பெயர் இல்லை. அங்கே வருகிற எல்லோருக்கும் அவரைத் தெரியும் என்பதால் பெயர் தேவைப்படவில்லை போலிருக்கிறது.

அவர் அந்த ஸ்டாண்டில் ஓட்டிக்கொண்டிருந்தவர். மத்தியானத்தில், வரிசையில் நின்ற தன் ஆட்டோவிலேயே உட்கார்ந்தபடி இறந்துபோயிருக்கிறார். மாரடைப்பு. மற்றவர்கள் தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். முன்னால் நின்ற வண்டி சவாரி கிடைத்துப் போனதும், எப்போதும் செய்வதுபோல், அவரை எழுப்ப மனமில்லாமல் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளி முன்னே நகர்த்தியிருக்கிறார்கள். கடைசியில் அவர்தான் வரிசையில் முதலாவதாக நின்றார். சவாரிக்கு வந்த ஒரு பெண் ஏறி உட்கார்ந்து, போக வேண்டிய இடத்தைச் சொல்லி, பதில் வராமல் தோளைத் தொட்டபோதுதான் தெரிந்திருக்கிறது.

"நாங்கதான் தள்ளினோம்" என்றார் மூத்தவர். அங்கிருந்த மற்றவர்கள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வரைந்தவர், அவர்களில் ஒருவருடைய மைத்துனர், போர்டு எழுதுகிறவர். வைத்து வரைய நல்ல படம் ஒன்றும் இல்லை. எல்லோரும் சேர்ந்து கன்னியாகுமரிக்குப் போனபோது எடுத்த கூட்டப் படத்தில் கடுகளவு முகம் ஒன்றுதான் இருந்தது. ஆகவே அவர் வரைய, சவாரி இல்லாத ஆட்கள் பின்னால் நின்று திருத்தியிருக்கிறார்கள். காது இன்னும் தள்ளி. பல் அவ்வளவு வெள்ளை இல்லை, வெற்றிலை போடுவான். சிரிக்கும்போது இடது கண் கொஞ்சம் சின்னதாகும். அப்படிப் பல நாள் நின்று, கடைசியில் அவரையே கொண்டுவந்துவிட்டார்கள்.

நான் எல்லாவற்றையும் கேட்டேன். காதின் கீழே வண்ணம் உரிய ஆரம்பித்திருந்தது, அதைக் குறித்துக்கொண்டேன். படம் எடுக்கும்போது ஓர் ஆட்டோ சுவரின் மூலையை மறைத்து நின்றது, ஓட்டுநர் சாப்பிடப் போயிருந்தார். அதனால் மூத்தவரிடம் என் நம்பரைக் கொடுத்துவிட்டு, மற்றொரு நாள் காலையில் திரும்பி வர வேண்டியிருந்தது.

அந்தக் காலையில் படம் எடுத்து முடித்து அளவுகோலை மடக்கும்போது நாகர்கோவிலிலிருந்து சித்தி கூப்பிட்டாள். அவள் வாரம் ஒருமுறை கூப்பிடுவாள், ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"ஏட்டி, அங்கன ஒத்தைக்கு இருந்துட்டு என்ன செய்யுக? இங்க வந்திரு."

"வேலை இருக்கு சித்தி."

"சொவத்தப் போட்டா புடிக்கதெல்லாம் ஒரு வேலையா?"

"சம்பளம் தாறாங்க. பொறவு பேசுகேன், வெயில் வருது."

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது எதிர்ப் பக்கத்துப் பஸ் நிறுத்தத்திலிருந்து ஒரு பெண் சாலையைக் கடந்து என்னிடம் வந்துகொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். தோளில் ஒரு துணிப்பை, கழுத்தில் ஏதோ கடையின் அடையாள அட்டை.

"அக்கா தமிழா?"

"ஆமா. நாகர்கோவில் பக்கம். ஆனா பொறந்து வளர்ந்ததெல்லாம் இங்கதான்."

"நான் போனக்காடு. மலை மேல தேயிலை எஸ்டேட்டு." சுவரைப் பார்க்காமல், அளவுகோலைப் பார்த்தாள். "இந்த மதில இடிக்கப் போறாங்களா அக்கா?"

"இல்ல. படம் மட்டும்தான் எடுக்கோம்."

"அளந்தீங்கல்லோ."

"படத்துக்கு அளவு வேணும், அதுக்குத்தான். பயப்படாதீங்க, ஒண்ணும் இடிக்க மாட்டாங்க."

"பயமில்ல. இடிச்சா நல்லதுன்னு வெறுதே நெனச்சேன்." பையின் வாரைச் சரிசெய்தாள். "அது எங்க வீட்டுக்காரரு."

அந்த மாதங்களில் எல்லோரும் எனக்குச் சொன்ன ஆறுதல்கள் எல்லாம் மனப்பாடமாக இருந்தன. அவற்றில் ஒன்றுகூட எனக்கு உதவியதில்லை என்பதால் அவளுக்கும் சொல்லவில்லை. அவளுக்கு அது போதுமாக இருந்தது போலிருக்கிறது, தானே பேசினாள்.

அவரும் எஸ்டேட்டில் பிறந்தவர்தான். ஆட்டோ ஓட்டக் கீழே வந்து, பிறகு இவளைக் கட்டிக்கொண்டு இங்கே கூட்டி வந்தவர். இப்போது இவள் பழவங்காடியில் ஒரு பாத்திரக் கடையில் வேலை செய்கிறாள். தினமும் காலையில் எதிர்ப் பக்கத்தில் நின்றுதான் பஸ் ஏற வேண்டும்.

"பஸ்ஸு அந்த வளைவுலேந்து வரும் அக்கா. மதிலுக்கு நேரா மொகம் வச்சு நின்னாத்தான் தெரியும். திரும்பி நின்னா டிரைவர் நிறுத்தாமப் போயிருவான். ரெண்டு தடவ போயிட்டான். கடையில ஏச்சு. அதனால பஸ்ஸு வர்ற வரைக்கும் இவர பாத்துகிட்டே நிக்கணும். இவரும் சிரிச்சிட்டே இருக்காரு."

"வேற நிறுத்தத்துல போய் ஏறலாமே?"

"நடந்து பாத்தேன். அங்க நம்ம பஸ்ஸு நிக்காது."

"அவங்ககிட்ட சொல்லலியா?"

"எப்படிச் சொல்லுறது? அழுதுகிட்டே வரஞ்சவங்க. மக ஸ்கூல் துறக்குறப்ப பையி, குடை எல்லாம் அவங்கதான் வாங்கித் தந்தாங்க. வண்டிய தள்ளினதுக்கு எனக்குக் கோவமெல்லாம் இல்ல. வீட்டுலயும் அப்படித்தான் உக்காந்தே தூங்குவாரு, நானும்தான் எழுப்ப மாட்டேன். பட்சே தெனமும் காலைல..." அவள் முடிக்கவில்லை. வளைவில் பஸ் தெரிந்தது. "அக்கா நம்பர் தாங்க. வெறுதே, சும்மா. மக மலையாளத்துலதான் பதில் சொல்லுவா. தமிழ்ல பேச ஆளில்ல."

கொடுத்தேன். அவள் ஓடிப் போய் ஏறிக்கொண்டாள்.

அன்று முழுவதும் நான் வேறு சுவர்களை எடுத்தேன். அவள் சொன்னதை நினைத்தேனா என்றால், நினைத்தேன், ஆனால் தூரத்தில் நடந்த ஒன்றை நினைப்பதுபோல்தான். அவளுக்கு அந்த முகத்தைப் பார்த்தால் ஏதோ நடக்கிறது. எனக்கு அக்காவின் முகத்தை எங்கே பார்த்தாலும் ஒன்றும் நடப்பதில்லை. இரண்டில் எது மோசம் என்று யோசித்தபடி தம்பானூரில் ஒரு பாலத்தூணில் வரைந்திருந்த யானைக்கு நிற அட்டை வைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு ஹர்த்தால் நாள் வந்தது. கடைகள் இல்லை, பஸ் இல்லை, ஆட்டோக்கள் இல்லை. நான் வீட்டில் இருந்து, எடுத்த படங்களுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அவள் கூப்பிட்டாள்.

"அக்கா, நான் அடிச்சிட்டேன்."

"யார?"

"ஆளையில்ல. பெயிண்ட்டு. மதிலுல. ஸ்டாண்டுல இன்னிக்கு யாருமில்லல்லோ. வீட்டுக்கு வாங்கி வச்ச வெள்ள சிமெண்ட்டு கொஞ்சம் கெடந்துச்சு. கலக்கிட்டுப் போனேன்." மூச்சு வாங்கினாள். "மொகத்துல மட்டும்தான். சட்டையில அடிக்க மனசு வரல."

நான் எழுதிக்கொண்டிருந்த குறிப்பை மூடி வைத்தேன்.

"அவங்க ஒங்ககிட்ட போட்டோ கேப்பாங்க அக்கா. அது இருந்தா திரும்பியும் அப்படியே வரஞ்சிருவாங்க. கொடுக்காதீங்க."

"சரி" என்றேன். அந்த நாட்களில் நான் எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். போனை வைத்த பிறகுதான், இது வெறுமனே சொல்லிவிட்டுப் போகக்கூடிய சரி இல்லை என்று தெரிந்தது.

மறுநாள் காலையில் மூத்தவர் கூப்பிட்டார். உடனே வர முடியுமா என்றார். போனேன்.

எல்லா ஆட்டோக்களும் நின்றிருந்தன, ஒருவரும் வண்டியில் இல்லை. சுவருக்கு முன்னால் கூடி நின்றிருந்தார்கள். முகம் இருந்த இடத்தில் ஒழுங்கில்லாத ஒரு வெள்ளை வட்டம். அதன் கீழே காக்கிச் சட்டையும் காலரும் சட்டைப்பையில் சொருகிய பேனாவும் அப்படியே இருந்தன. சிமெண்ட்டு இரண்டு மூன்று இடங்களில் காலர் மேல் வழிந்திருந்தது. வழிந்ததை யாரோ துடைக்க முயன்றதும் தெரிந்தது.

"ஒங்ககிட்ட படம் இருக்கல்லோ" என்றார் மூத்தவர். "பெரிசா பிரிண்ட் போட்டு மேல வச்சு வரஞ்சா அதே மாதிரி வரும்னு வரஞ்ச மச்சினன் சொன்னான்."

நான் பதில் சொல்வதற்குள் இளைஞரான ஓர் ஓட்டுநர் குறுக்கே பேசினார். பக்கத்துச் சுவரில் கட்சிப் பையன்கள் ஏற்கெனவே புக்டு என்று எழுதியிருந்தார்கள். இந்தச் சுவரையும் பிடிக்கத்தான் அவர்கள் வெள்ளையடித்திருக்கிறார்கள் என்றார். அவர்களை எங்கே பிடிக்கலாம் என்று தனக்குத் தெரியும் என்றார். இரண்டு பேர் கிளம்பத் தயாராக இருந்தார்கள். ஒருவர் வண்டியிலிருந்து ஜாக்கி கம்பியை எடுத்திருந்தார்.

"அவங்க இல்ல" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பின்னே ஆரு?"

நான் அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்வதற்கு எனக்கு உரிமை இல்லை. மூத்தவர் மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மெதுவாகத் திரும்பி எதிர்ப் பக்கத்துப் பஸ் நிறுத்தத்தைப் பார்த்தார். அவள் அங்கே நின்றிருந்தாள். அன்று வேலைக்குப் போகாமல் இருந்திருக்கலாம், வந்திருந்தாள். எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பியையும் பார்த்திருக்க வேண்டும். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு சாலையைக் கடந்து வந்தாள்.

"சேட்டா, நான்தான்" என்றாள் மூத்தவரிடம். அதற்குப் பிறகு மலையாளத்தில் பேசினாள். குரல் உயரவில்லை. என்னிடம் சொன்ன அதே விஷயம்தான். பஸ், வளைவு, திரும்பி நிற்க முடியாதது. அவர்கள் செய்ததற்கெல்லாம் நன்றி இருக்கிறது என்றாள். "ஒங்களுக்கு வண்டி எடுத்துட்டுப் போறப்ப இவர விட்டுட்டுப் போகலாம். எனக்கு இவர பாத்துட்டுத்தான் தெனமும் வேலைக்குப் போகணும். முடியல சேட்டா."

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய பஸ் வந்து, நிறுத்தத்தில் யாரும் இல்லாததால் நிற்காமல் போய்விட்டது. அவள் அதைப் பார்த்தாள், ஆனாலும் சொல்லி முடித்தாள்.

கம்பியை எடுத்தவர் அதை இருக்கைக்கு அடியில் வைத்தார். மூத்தவர் தன் வண்டியில் ஏறி, ஸ்டார்ட் செய்து, அவள் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். "ஏறு. கடைக்கு லேட்டாகும்" என்றார். அவள் ஏறிக்கொண்டாள். பழவங்காடிப் பக்கம் வண்டி போனது.

என்னிடம் யாரும் படத்தைக் கேட்கவில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்து அந்த இளைஞர் தனியாகப் போன் செய்தார். கோபமாக இல்லை. "அவங்களுக்கு அவரு புருஷன். சரி. எனக்கு ஓட்டக் கத்துக் கொடுத்த ஆளு. அவரு எங்களுக்கும் உள்ளவர்தானே சேச்சி" என்றார். அது சரிதான் என்றேன். "அப்ப படம் தருவீங்களா?" இல்லை என்றேன். "எடுக்கும்போது எங்ககிட்ட கேட்டீங்க, அவங்ககிட்ட கேக்கல, இல்லியா?" என்றார். ஆமாம் என்றேன். வைத்துவிட்டார்.

ஒருங்கிணைப்பாளரிடமும் பேச வேண்டியிருந்தது. அந்தப் படம் மற்றவற்றோடு இணையத்தில் ஏறும். ஏறினால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நடந்ததைச் சொல்லி, அந்த ஒன்றை மட்டும் வெளியே காட்டாமல் வைக்க முடியுமா என்று கேட்டேன்.

"சேச்சி, இது டாக்குமென்டேஷன். நாம இதுல இமோஷனலாகக் கூடாது."

"எனக்கு இமோஷன் ஒண்ணுமில்ல" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். "நான் வாக்குக் கொடுத்திருக்கேன். அவ்வளவுதான்."

என் குரலில் அவள் எதைக் கேட்டாளோ தெரியவில்லை. படம் காப்பகத்தில் இருக்கும், யாருக்கும் திறக்காது என்று ஒப்புக்கொண்டாள்.

அதன் பிறகு பல வாரங்கள் சுவரில் தலையில்லாத காக்கிச் சட்டை நின்றது. நான் அந்த வழியாக வேறு வேலைக்குப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அதன் கீழே நின்று கழுத்தை நீட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஓட்டுநர்கள் விரட்டிப் பார்த்து, பிறகு விட்டுவிட்டார்கள். அவள் வாரத்தில் ஒருநாள் போன் செய்வாள். கடையில் யார் என்ன சொன்னார்கள், மகள் கணக்கில் எவ்வளவு வாங்கினாள், எஸ்டேட்டில் அண்ணன் வீட்டுப் பக்கம் யானை வந்தது என்று சொல்லுவாள். நான் அதிகம் பேச மாட்டேன். ஆனால் தமிழில் கேட்டுக்கொண்டிருப்பேன். சட்டை அவளை ஒன்றும் செய்யவில்லை என்றாள். "சட்ட துவச்சுப் போட்ட மாதிரி இருக்கு, அவ்வளவுதான்."

மழைக்கு முன்பு ஒருநாள் மூத்தவர் கூப்பிட்டார். "வந்து ஒரு படம் எடுக்கணும். இது கொடுக்குற மாதிரி படம்" என்றார்.

போனபோது சட்டைக்கு மேல் ஒரு முகம் வந்திருந்தது. சிரித்த முகம்தான். காக்கிச் சட்டையோடு பொருந்தித்தான் இருந்தது. ஆனால் அது அவர் இல்லை. காதுகள் இரண்டும் ஒட்டி நின்றன. மூக்கு நீளமாக, எடுப்பாக இருந்தது. பற்கள் பளிச்சென்று வெள்ளை. கண்கள் இரண்டும் ஒரே அளவு. நேர்த்தியாக வரைந்திருந்தார்கள், வண்ணமும் முன்பைவிட நன்றாக இருந்தது.

"மறந்துபோச்சா?" என்று கேட்டேன்.

மூத்தவர் என்னை வண்டியின் பக்கம் அழைத்துக்கொண்டு போய்ச் சொன்னார். மைத்துனருக்கு மறக்கவில்லை. கை தானாகவே பழைய முகத்துக்குத்தான் போனது. இவர்தான் பின்னால் நின்று மாற்றச் சொல்லியிருக்கிறார். "மூக்க நீட்டச் சொன்னேன். காத ஒட்டச் சொன்னேன். எங்களுக்கு யாருன்னு தெரியும். சட்டையப் பாத்தாப் போதும். அவளுக்குத் தெரியாம இருந்தா மதி, அது போதும்." பிறகு, "அந்தப் பையனுக்கு முதல்ல ஒத்துக்க மனசில்ல. பின்னே அவனேதான் பல்லு வெளுப்பாப் போடச் சொன்னான்" என்றார்.

நான் அளவுகோலை வைத்து எடுத்தேன், வைக்காமல் எடுத்தேன். எடுத்துக்கொண்டிருக்கும்போது எதிர்ப் பக்கம் அவள் வந்து நின்றாள். நான் சாலையைக் கடந்து அவள் பக்கத்தில் போய் நின்றேன். இரண்டு பேரும் சுவரைப் பார்த்தோம்.

"நேத்தே பாத்தேன்" என்றாள்.

"எப்படி இருக்கு?"

அவள் தலையைச் சாய்த்து நிதானமாகப் பார்த்தாள். கடையில் பாத்திரத்தில் நசுங்கல் இருக்கிறதா என்று பார்ப்பவளைப்போல. "இது வேற ஆளு அக்கா" என்றாள். "கொஞ்சம் சினிமாக்காரன் மாதிரி இருக்கான். அவருக்கு இப்படி மூக்கு இருந்திருந்தா எங்க வீட்டுல ஒடனே பொண்ணு கொடுத்திருப்பாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாக வந்துவிட்டது. ஸ்டாண்டிலிருந்து அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் வந்ததும் கை காட்டி நிறுத்தி ஏறிப்போனாள்.

அது அன்றைக்கு மட்டும்தான். மறுநாள் முன்போலவே இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். மரத்துப்போனது ஒரு சிரிப்பில் விலகிவிடவில்லை. மழை பிடித்ததும் சுவர் வேலை நின்றது. நனைந்த சுவரைப் படம் எடுத்தால் நிறம் பொய் சொல்லும். பள்ளி விடுமுறைக்குத் தன் அண்ணன் வீட்டில் விட்டிருந்த மகளைக் கூட்டி வரப் போனக்காட்டுக்குப் போவதாகவும், என்னையும் கூட வரும்படியும் அவள் கேட்டாள். சரி என்றேன்.

விதுரை தாண்டியதும் பஸ் கிட்டத்தட்ட காலியாகிவிட்டது. ஜன்னல் ஷட்டர்களை இறக்கிவிட்டதால் உள்ளே இருட்டாக இருந்தது. மழைச் சத்தத்தில் அவள் என் காதுக்கு அருகில் வந்து கேட்டாள்.

"அக்கா, இதுவரைக்கும் நான் கேட்டதில்ல. வீட்டுல ஒங்களுக்கு ஆரு இருக்கா?"

"அக்கா ஒருத்தி இருந்தா."

"அவங்களுக்கு என்ன பண்ணுச்சு?"

நான் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். முதலில் வந்த வயிற்று வலியை அவள் பரீட்சைத் தாள் திருத்தும் அவசரத்தில் மறைத்தது, நான் போனில் திட்டியது, விமான நிலையத்துக்கு அவளே அழைக்க வந்தபோது எவ்வளவு இளைத்திருந்தாள் என்பது, ஆஸ்பத்திரியில் நர்ஸுகளிடம் மலையாளமும் என்னிடம் தமிழும் பேசி, கடைசி நாட்களில் எல்லோரிடமும் தமிழே பேசியது. அழுகை வரவில்லை. ஆனால் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் 'உம்' கொட்டிக்கொண்டு வந்தாள். பஸ் வளைவுகளில் மெதுவாக ஏறியது.

சொல்லி முடிப்பதற்குள் போனக்காடு வந்துவிட்டது. மகளும் அண்ணனும் குடையோடு நின்றிருந்தார்கள். மீதியைத் திரும்பி வரும்போது சொன்னேன்.